பாத்தி கட்டிய மருந்து

(ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ வரலாறோ பேசுவதுதான் நம்மிடையே வழக்கம். இம்முறை எலும்பைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டபோது, "இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா?" என்று அமைப்பாளர்கள் தயக்கத்தோடு கேட்டார்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைவூட்டினேன். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தம் மாணவர்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், உடலின் அமைப்பை விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் அவருடைய முயற்சியால் அச்சேறின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இவற்றைத் தமிழில் படித்த ஊரவர் நாம். இன்று முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாட்டுக்கு வந்த சில ஆண்டுகளில் என் அம்மாவுக்கு நாரி நோவு முற்றியது. முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகளை ஒன்றாக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அப்போது நான் மாணவன். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என்னைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. 'பியூஷன்' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் 'உருக்கிச் சேர்த்தல்'. அப்படியே சொன்னேன். எலும்பை நெருப்பில் உருக்கப் போகிறார்கள் என்று நினைத்து அம்மா அன்றிரவு முழுவதும் உறங்கவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து கண்விழித்தபோது முதுகைவிட இடுப்பில்தான் அவருக்கு நோ அதிகமாக இருந்தது. "நாரியிலைதானே நோ, இடுப்பிலை ஏன் மோனை வெட்டினவை?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஒட்டுவதற்கான எலும்பை இடுப்பிலிருந்து எடுப்பார்கள் என்பதை எங்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் சத்திரசிகிச்சை நிபுணன் அல்லேன். எலும்போடு சேரும் பொருள்களை ஆய்வுகூடத்தில் கையாண்டு வாழ்நாளைக் கழித்தவன். அந்த வழிக்கு என்னை அனுப்பியது அம்மாவின் அந்தக் கேள்விதான். அதற்குரிய விடையை, காலம் கடந்தாவது, இன்று உங்கள் முன் சொல்ல முயல்கிறேன்.

ஒட்டு என்றால் என்ன?

நம் ஊரில் ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வேர்விட்ட கன்றின் தண்டையும் நல்ல சாதி மரத்தின் கிளையையும் சீவி, சீவிய முகங்கள் ஒன்றோடொன்று படியவைத்து இறுகக் கட்டுவார்கள். கட்டுக்குள் தண்டு அசைந்தால் ஒட்டுப் பிடிக்காது. காய்ந்தாலும் பிடிக்காது. இரண்டு தண்டுகளிலிருந்தும் உயிருள்ள கலங்கள் வளர்ந்து இடைவெளியை நிரப்பினால்தான் அது ஒரே மரம்.

முள்ளந்தண்டு ஒட்டும் அப்படித்தான். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள இடைத்தட்டு தேய்ந்து, எலும்புகள் நிலைதவறி நரம்பை நெரிக்கும்போது, அந்த இரண்டையும் ஒரே எலும்பாக வளரவைப்பதே சிகிச்சை. உருக்குவது எதுவும் இல்லை. சத்திரசிகிச்சை நிபுணர் செய்வது ஒட்டுக் கட்டுவது மட்டுமே. ஒட்டிக்கொள்ள வேண்டியது உடல். அதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும்.

இந்தச் சிகிச்சை தொடங்கியதே காசநோயால்தான். முள்ளெலும்பைக் காசநோய் அரித்து முதுகு கூனிப்போனவர்களுக்காக, 1911இல் நியூயோர்க்கில் றசல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பீ என்ற இருவர் தனித்தனியே இந்த ஒட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். ஆல்பீ காலெலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து முதுகில் பதித்தார். ஹிப்ஸ் அந்த இடத்து எலும்பையே சீவிப் பரப்பினார். முள்ளந்தண்டு ஒட்டுக்காக ஓரிடத்து எலும்பை எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும் வழக்கம் அன்றிலிருந்து வருகிறது.

எலும்பு ஒட்டுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். ஏறிப் படருவதற்கு ஒரு பந்தல், படர்வதற்கு உயிருள்ள கலங்கள், "இங்கே எலும்பாகு" என்று அக்கலங்களுக்குச் சொல்லும் செய்தி. இம்மூன்றும் வேலை செய்யும்வரை அந்த இடம் அசையாமல் இருக்கவும் வேண்டும். இடுப்பெலும்பின் விளிம்பில் இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கின்றன. அதனால்தான் அதை வெட்டி எடுத்தார்கள். அம்மாவின் கேள்விக்கு முதல் விடை இது. இடுப்பெலும்பு நல்ல மருந்து. அதற்குரிய விலை இன்னொரு காயம், இன்னொரு நோவு; சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீளும்.

இந்த விலையைக் கொடுக்காமல் எலும்பை ஒட்ட முடியாதா என்ற தேடலே இன்றைய என் பேச்சின் பொருள்.

ஒரு தலைமயிரின் அளவு

இந்தத் தேடலில் நாம் வாழும் இந்த நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பிள்ளைகள் நாள்தோறும் கடந்துபோகும் ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கட்டடங்களில் அந்த வேலை நடந்தது.

இங்கிருந்த வெலஸ்லி வைத்தியசாலையில் இயன் மக்னாப் என்ற எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். நாரி நோவைப் பற்றி அவர் எழுதி 1977இல் வெளியான நூலை உலகெங்கும் வைத்தியர்கள் படித்தார்கள். அவரோடு சேர்ந்து உழைத்தவர் றொபேட் பிலியர் என்ற பொருளறிவியல் அறிஞர். உலோகத்தின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் எலும்பு அதைப் பிடிக்காது. மணல் ஒட்டியதுபோலச் சிறு துளைகள் உள்ளதாகச் செய்தால் எலும்பு அத்துளைகளுக்குள் வளர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் என்பதை அவர்கள் காட்டினார்கள். பிலியர், ஹியூ கமரன், மக்னாப் மூவரும் 1975இல் இதைப் பற்றி எழுதினார்கள். 1980இல் பிலியரின் குழுவினர் துளைகளின் அளவையும் அளந்தார்கள். 50 முதல் 400 மைக்ரோமீற்றர்வரை உள்ள துளைகளில் எலும்பு விரைவாகவும் உறுதியாகவும் பிடித்தது.

பிலியரின் இன்னோர் ஆய்வை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். பதித்த உலோகம் எவ்வளவு அசைந்தால் எலும்பு வளராது? 1986இல் வெளியான விலங்குச் சோதனை முடிவுகள் இப்படிச் சொல்கின்றன: 28 மைக்ரோமீற்றர்வரை அசைவு இருந்தாலும் எலும்பு உள்ளே வளர்ந்தது, 150 மைக்ரோமீற்றரோ அதற்கு மேலோ அசைந்த இடங்களில் எலும்புக்குப் பதிலாக நாரிழையம் வளர்ந்தது. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். அரைத் தலைமயிர் அளவு அசைவை எலும்பு பொறுத்துக்கொள்கிறது. இரண்டு தலைமயிர் அளவு அசைந்தால் ஒட்டுப் போய்விடுகிறது. நாரிழையம் பிடித்த ஒட்டு வெளியே பார்க்க ஒட்டியதுபோல இருக்கும். உள்ளே அசைந்துகொண்டும் நோவு தந்துகொண்டும் இருக்கும். இன்று முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கப்படும், முப்பரிமாண அச்சில் செய்த துளையுள்ள தைத்தேனியக் கூடுகளும் இதே அடிப்படையில் உருவானவைதாம்.

கலங்களைப் பற்றிய அடித்தளமும் இந்த நகரத்திலேயே இடப்பட்டது. எலும்பு மச்சையில் குருத்துக் கலங்கள் இருப்பதை எண்ணிக்கையோடு நிறுவிக் காட்டியவர்கள் ரொறன்ரோவின் ஒன்ராறியோப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரில், ஏர்னெஸ்ற் மக்குலொக் இருவருமாவர். ஆண்டு 1961. அவர்கள் கண்டவை குருதியை ஆக்கும் கலங்கள். எலும்பை ஆக்கும் கலங்கள் அதே மச்சையில் வாழும் இன்னொரு குடும்பம்.

இப்படியாக, பந்தல் எது, கலங்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு அசையலாம் என்பவை தெளிந்தன. மிஞ்சியது செய்தி.

செய்தியைக் கண்டுபிடித்தவர்கள்

1965இல் கலிபோர்னியாவில் மார்ஷல் யூரிஸ்ற் என்ற எலும்பு வைத்தியர் வியப்பான ஒன்றைக் கண்டார். எலும்பிலுள்ள கல்சியத்தை அமிலத்தில் கரைத்து நீக்கிவிட்டு, எஞ்சிய மென்மையான பொருளை விலங்கின் தசைக்குள் வைத்தார். தசையில் எலும்பு முளைத்தது. எலும்பே இல்லாத இடத்தில் எலும்பை வருவிக்கும் ஏதோ ஒரு செய்தி அந்தப் பொருளில் ஒளிந்திருந்தது. அதற்கு 'எலும்பாக்கப் புரதம்' என்ற பொருள்படும் பெயர் அமைந்தது.

அந்தப் புரதத்தைப் பிரித்தெடுப்பதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. காரணம் அளவு. ஒரு கிலோ எலும்பிலிருந்து கிடைத்தது ஒன்றிரண்டு மைக்ரோகிராம் மட்டுமே. 1988இல் ஜோன் வொஸ்னியும் அவருடைய குழுவினரும் இப்புரதங்களுக்குரிய மரபணுக்களைப் பிரித்துக் காட்டினார்கள். அதன்பின் ஆய்வுகூடத்துக் கலங்களைக் கொண்டு வேண்டிய அளவு செய்துகொள்ள முடிந்தது. இயற்கை மைக்ரோகிராமில் சேமித்து வைத்திருந்ததை மனிதர் மில்லிகிராமில் ஊற்றத் தொடங்கினார்கள். இந்தக் கதையில் நல்லதும் கெட்டதும் பிரியும் இடம் இதுதான்.

கடற்பஞ்சு

2002 யூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'இன்பியூஸ்' என்ற சாதனத்துக்கு அனுமதி கொடுத்தது. அது ஒரு தைத்தேனியக் கூடு. கூட்டுக்குள் மாட்டின் தசைநாணிலிருந்து செய்த கொலாஜன் பஞ்சு. அந்தப் பஞ்சில் எலும்பாக்கப் புரதத்தின் இரண்டாம் வகையை நனைத்து, வயிற்றுப் பக்கமாகச் சென்று நாரியின் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே வைப்பார்கள். இடுப்பை வெட்ட வேண்டியதில்லை. முள்ளந்தண்டை ஒட்டவைப்பதற்கென உடலுக்குள்ளேயே மருந்தை ஏந்தி வைக்கும் கருவி ஒன்று முதன்முறையாகக் கைக்கு வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் அம்மாவை நினைத்து நான் கண்கலங்கினேன்.

ஆனால் பஞ்சு என்ன செய்யும்? நனைத்த நீரை வைத்திருக்கும், அழுத்தினால் விட்டுவிடும். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மேலுடலின் பாரம் முழுவதும் இறங்குகிறது. வைத்த மருந்தில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே பஞ்சை விட்டு வெளியேறிவிடும். குருதியில் கலந்த புரதம் நிமிடக்கணக்கில் சிதைந்துவிடும். எலும்பு வளர வாரக்கணக்கில் செய்தி வேண்டும். மருந்தோ அவ்வளவு நாள் இருப்பதில்லை. ஆகவே முதலிலேயே பெருமளவாக ஊற்றினார்கள். சாதனத்தின் பெரிய பொதியில் 12 மில்லிகிராம், அதாவது 12,000 மைக்ரோகிராம். ஒரு கிலோ எலும்பிலிருந்து எடுக்க முடிந்த ஒன்றிரண்டு மைக்ரோகிராமோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்கு இறைப்பவர் கிணற்று நீர் முழுவதையும் ஓரிடத்தில் கொட்டுவாரா? வாய்க்கால் வெட்டி, பாத்தி கட்டி, வரம்பு உயர்த்தி, ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணால் அடைத்து அடுத்த பாத்திக்குத் திருப்புவார். வரம்பு இல்லாத இடத்தில் எவ்வளவு நீர் இறைத்தாலும் கன்றுக்குக் கிடைப்பது கொஞ்சம். பக்கத்துக் காணியில் சேறாவது மிச்சம். பஞ்சிலிருந்து வழிந்த மருந்துக்கும் இதுதான் நேர்ந்தது. அது போன இடங்களிலும் தன் வேலையைச் செய்தது. நரம்புக் கால்வாய்க்குள் வேண்டாத எலும்பு முளைத்தது. சிலருக்கு, ஒட்ட வேண்டிய எலும்பே முதலில் கரைந்தது. சிலருக்கு நரம்பு அழன்றது.

முள்ளந்தண்டில் அப்போது அனுமதி கிடைத்தது நாரியின் முன்பக்கச் சிகிச்சை ஒன்றுக்கே. வைத்தியர்களோ கழுத்திலும் முதுகின் பின்பக்கத்திலும் அதை வைத்தார்கள். பயன்பாட்டில் பெரும்பகுதி அனுமதித்த எல்லைக்கு வெளியேதான் நடந்தது. நாரியில் வீக்கம் வந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். கழுத்தில் வீங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும். 2008 யூலை 1ஆம் திகதி உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. கழுத்து ஒட்டில் இப்புரதத்தைப் பயன்படுத்தியதால் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 38 முறையீடுகள் வந்திருந்தன. பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்து 2 முதல் 14 நாள்களுக்குள் மூச்சும் விழுங்குதலும் தடைப்பட்டன. 2011இல் 40 மில்லிகிராம் கொண்ட இன்னொரு வடிவம் அனுமதி கேட்டு வந்தபோது, புற்றுநோய் பற்றிய ஐயத்தால் அது மறுக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் மருந்து பொய்யன்று. யூரிஸ்ற் கண்டது உண்மை. அந்தப் புரதம் எலும்பை வளர்க்கிறது. தவறியது வரம்பு.

பாத்தி கட்டும் கலை

மருந்தை மெதுவாக விடவைக்கும் கலையும் ரொறன்ரோவுக்கு அந்நியமானதன்று. பிரெட்றிக் பாண்டிங் என்றதும் நம் நினைவுக்கு வருவது இன்சுலின். அவர் முதல் உலகப்போரிலிருந்து திரும்பியதும் இங்குள்ள சிறுவர் வைத்தியசாலையில் எலும்புச் சத்திரசிகிச்சை பயின்றவர் என்பது பலருக்குத் தெரியாது. 1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோப் பொது வைத்தியசாலையில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. எதிர்பார்த்த பலன் இல்லை. ஊசி போட்ட இடம் வீங்கிக் கட்டியானது. பாண்டிங்கின் எண்ணம் தவறவில்லை. சாறு தூய்மையாக இல்லை. ஜேம்ஸ் கொலிப் அதைத் தூய்மைப்படுத்திக் கொடுத்த பிறகு, ஜனவரி 23ஆம் திகதி தொடங்கிய ஊசிகள் அந்தச் சிறுவனைக் காப்பாற்றின.

அடுத்த சிக்கல் நேரம். இன்சுலின் சில மணிநேரத்தில் தீர்ந்துவிடும். நோயாளி நாளுக்குப் பலமுறை குத்திக்கொள்ள வேண்டும். டென்மார்க்கில் ஹகெடோர்ன் என்பவர், மீனிலிருந்து எடுத்த புறட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலினைச் சேர்த்து அதன் வேகத்தைக் குறைத்தார். 1936இல் ரொறன்ரோவின் கொனோற் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்கொட், பிஷர் இருவரும் அதில் நாகம் என்ற உலோகத்தைச் சேர்த்து, ஒரு நாளுக்கு மேல் வேலை செய்யும் இன்சுலினை உருவாக்கினார்கள். தோலுக்கடியில் கரையாத ஒரு சிறு குவியலாக இருந்து, அது கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டது. உடலுக்குள் பாத்தி கட்டுவது இதுதான்.

கதை அங்கிருந்து வளர்ந்தது. 1964இல் ஜூடா போக்மனும் டேவிட் லோங்கும் சிலிக்கோன் றப்பரில் மருந்தை அடைத்து உடலில் பதித்தால் அது நெடுநாள் கசியும் என்று காட்டினார்கள். 1970இல் ஜேர்மனியில் புக்ஹோல்ற்ஸ், எலும்புச் சீமெந்தில் நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்து மூட்டுச் சிகிச்சையில் தொற்றைத் தடுக்க வழி கண்டார். 1976இல் றொபேட் லாங்கரும் போக்மனும், புரதம்போன்ற பெரிய மூலக்கூறுகளையும் பல்பகுதியத்துக்குள் அடைத்து நெடுநாள் விடுவிக்கலாம் என்று நிறுவினார்கள். அதுவரை அது முடியாதென்றே பலர் நினைத்திருந்தார்கள்.

இன்று முள்ளந்தண்டு ஒட்டுக்காக ஆராயப்படும் வழிகளை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம். முதலாவது, மருந்தைக் கரையும் குண்டுகளுக்குள் அடைப்பது. தானே கரையும் தையல் நூலை அறிவீர்கள். அதே வகையான பல்பகுதியத்தால் மணலைவிடச் சிறிய குண்டுகள் செய்து உள்ளே புரதத்தை அடைத்தால், குண்டு கரையக் கரைய மருந்து வெளிவரும். கரையும்போது சுற்றுப்புறத்தில் அமிலம் சேரும். அது புரதத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதே அங்கே உள்ள பாடு. இரண்டாவது, மருந்துக்குப் பிடிமானம் கொடுப்பது. எலும்பின் கனியமான கல்சியம் பொசுபேற்று இந்தப் புரதங்களைத் தன்னிடம் பற்றிக்கொள்ளும். குருதி உறையாமல் தடுக்கக் கொடுக்கும் ஹெப்பாரினும் பற்றும். பிடித்து வைத்திருந்தால் குறைந்த அளவே போதும். மூன்றாவது, மருந்தை இடத்தை விட்டு நகரவே விடாமல் கட்டிவைப்பது. கொலாஜனில் உள்ள 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டை எலும்புத் துகளின்மேல் பூசி, கலங்கள் வந்து பற்றிக்கொள்ளும் கொழுகொம்பாக்கிய ஒரு பொருளுக்குக் கழுத்து ஒட்டுக்காக அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது. அது கரைந்து பரவுவதில்லை. வைத்த இடத்தில் நின்று கலங்களை அழைக்கிறது.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மொலி ஷொய்செற் முள்ளெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்காக இதே கலையைக் கையாள்கிறார். நம் உடலிலேயே உள்ள ஹயலுரோனன் என்ற பொருளையும் மெதைல் செலுலோசையும் சேர்த்து அவருடைய குழுவினர் ஒரு கூழ் செய்தார்கள். ஊசிக்குள் நீர்போல ஓடி, உடலுக்குள் போனதும் உறைந்து, இருந்த இடத்திலேயே மருந்தை மெதுவாக விடும். அவர் 2020இல் கனடாவின் ஹேர்ஸ்பேக் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். எலும்பாக்கும் கலையும் நரம்பைக் காக்கும் கலையும் ஒரே முதுகில் சந்திக்கின்றன. எலும்புக்கு வைத்த மருந்து நரம்புக்கு வழியக்கூடாது. ஒரு விரல் அகலத்துக்குள் இரண்டு பாத்திகள். நடுவே வரம்பு உடையக்கூடாது.

எல்லா மருந்தையும் உள்ளே புதைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. முள்ளந்தண்டுக் காசநோய்க்குச் சென்னையில் நடந்த ஆய்வு நமக்கு நல்ல எதிர்ப்பாடம். 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் தொடர்ச்சியாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து அந்த ஒப்பீட்டை நடத்தின. எழுந்து நடமாடிக்கொண்டே மாத்திரை உண்டவர்களையும் பெரிய சத்திரசிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பெரும்பாலானோருக்கு மாத்திரையே போதும் என்று தெரிந்தது. காசநோய் மருந்து குருதி வழியே உடலெங்கும் போகலாம், கிருமியைத்தான் தாக்கும். எலும்பாக்கப் புரதம் உடலெங்கும் போகக்கூடாது. போன இடத்திலெல்லாம் எலும்பாகச் சொல்லும். எந்த மருந்துக்கு வரம்பு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பகுத்தறிவதும் வைத்தியமே.

இன்னொரு வரம்பு

பஞ்சின் கதையில் உடைந்தது ஒரு வரம்பு மட்டுமன்று. உண்மை என்ற வரம்பும் உடைந்தது.

அந்தச் சாதனத்தைச் செய்த மெட்ரோனிக் நிறுவனத்தின் ஆதரவோடு வெளியான 13 ஆய்வுக் கட்டுரைகளில், புரதம் பெற்ற 780 நோயாளிகள் இருந்தார்கள். அந்தப் புரதத்தால் வந்த தீங்கு என்று அக்கட்டுரைகள் காட்டியது ஒன்றுமில்லை. 2011இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் இயுஜீன் கராஜியும் உடனாய்வாளரும் முள்ளந்தண்டு ஆய்விதழ் ஒன்றின் சிறப்பிதழில் அக்கட்டுரைகளை உணவு மருந்து நிர்வாகத்தின் ஆவணங்களோடும் பிந்திய வெளியீடுகளோடும் ஒப்பிட்டு ஆராய்ந்து, சிகிச்சையின் வகைக்கேற்ப 10 முதல் 50 சதவீதம்வரை தீங்கு நேரும் வாய்ப்பு உண்டு என்று எழுதினார்கள். 2012இல் அமெரிக்கச் செனற்றின் நிதிக்குழு, அக்கட்டுரைகளை எழுதுவதிலும் திருத்துவதிலும் நிறுவனத்தினரே பங்கெடுத்ததை அறிக்கையிட்டது. இதற்கிடையே நிறுவனம் நோயாளித் தரவுகளை யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்திருந்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு குழுக்கள் ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டன. நோயாளிக்கு நோவு குறைவதிலும் நடமாட்டம் கூடுவதிலும் இடுப்பெலும்பைவிடப் புரதம் பெரிதாக மேம்பட்டதில்லை என்பதே இரண்டு குழுக்களின் சாரம்.

எலும்பு ஒட்டியது என்று கதிர்ப்படம் காட்டலாம். அம்மா படியேறி வந்தாரா என்பதைக் கதிர்ப்படம் காட்டாது. சாதனம் எதுவாயினும் நாம் முதலில் அளக்க வேண்டியது அந்த இரண்டாவதைத்தான்.

தரவைத் திறந்து கொடுத்ததால்தான் இந்த உண்மை வெளிவந்தது என்பதையும் நான் மறக்கவில்லை. அடுத்து வரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் இதுவே முதல் நிபந்தனையாக வேண்டும். மருந்தின் அளவை மைக்ரோகிராமில் கணக்கிடுவதுபோல, அதன் தீங்கையும் ஒன்று விடாமல் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். எவ்வளவு நுட்பமான கருவியைப் பதித்தாலும் எலும்பை வளர்ப்பது நம் உடல்தான். நீரிழிவு எலும்பு ஆறுவதைத் தாமதப்படுத்தும்; நம் தெற்காசியக் குடும்பங்களில் நீரிழிவு மிகுதி. புகைபிடிப்பது ஒட்டுத் தவறும் வாய்ப்பைக் கூட்டும். ரொறன்ரோவின் நீண்ட குளிர்காலத்தில் வெயிலிலிருந்து தோல் ஆக்கும் விற்றமின் டி மிகக் குறைவு. நம் கருமையான தோலுக்கு இன்னும் குறைவு. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்ததும் சீனியைக் கட்டுப்படுத்துவதும், புகையை விடுவதும், விற்றமின் டி அளவைச் சோதிப்பதும் பற்றி வைத்தியரிடம் பேசுங்கள். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

நம் வைத்தியர்களுக்கும் தாதியர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் தமிழ் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறீர்கள். 'ஒட்டு' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். மாங்கன்றைச் சொல்லி விளக்குங்கள். இருபது வயதுப் பிள்ளையின் மொழிபெயர்ப்பில் ஒரு தாயின் முதுகை ஒப்படைக்க விடாதீர்கள்.

மாணவர்களே, பாத்தி கட்டும் வேலை இன்னும் முடியவில்லை. எந்த நாளில் எவ்வளவு மருந்து, எந்த எல்லைக்குள் என்று எலும்பின் தேவைக்கேற்ப விடும் கருவி இனித்தான் வர வேண்டும். பிலியர் அரைத் தலைமயிரை அளந்த இந்த நகரத்தில் அதை நீங்கள் அளக்கலாம்.

நோயாளிகளாகப் போகக்கூடிய நம் எல்லோருக்கும் கடைசியாக ஒரு சொல். முள்ளந்தண்டு ஒட்ட வேண்டும் என்று சொன்னால், கையொப்பமிடுமுன் இவற்றைக் கேளுங்கள். எனக்கு இந்த ஒட்டு உண்மையில் வேண்டுமா, வேறு வழி உண்டா? ஒட்டும் எலும்பை எங்கிருந்து எடுப்பீர்கள்? எலும்பு வளர்க்கும் மருந்து வைப்பதானால், என் முதுகின் அந்த இடத்துக்கு அது அனுமதிக்கப்பட்டதா, எவ்வளவு வைப்பீர்கள்? வைத்தால் என்ன தீங்கு வரலாம், வீட்டுக்குப் போன பின் எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? இவற்றைத் தமிழில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைப்பீர்களா?

என் அம்மா தன் கேள்வியைச் சத்திரசிகிச்சை முடிந்த பிறகுதான் கேட்டார். நீங்கள் முன்னரே கேளுங்கள்.